18 நாள் சரி, காரணம் தப்பு

"பார்னார்ட் இதயம் மாற்றிவைத்த ஆளே 18 நாளில் இதயம் செயலிழந்து போய்விட்டார், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமாவை பைபாஸ் இதய அறுவைக்கு அனுப்பாதீர்கள்" என்று மேலே எழுதிய அண்ணனுக்கு: 18 நாள் மட்டும்தான் சரி.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் டாக்டர் பார்னார்ட் செய்த, மனிதருக்கு மனித இதயம் வைத்த உலகின் முதல் அறுவையில் புது இதயம் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி இறந்தது நிமோனியாவால். புது இதயம் கடைசிவரை நன்றாகத்தான் அடித்தது. உடல் அதை நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிட்டன. நுரையீரலில் கிருமி புகுந்தது. 1968 ஜனவரியில் அதே இதய மாற்று செய்துகொண்ட பிளைபர்க் 19 மாதம் இருந்தார். 1971இல் டிர்க் வான் ஸைல், 20 ஆண்டுக்கு மேல் (அவரை ஏனோ யாரும் சொல்வதில்லை).

பைபாஸ் வேறு சங்கதி அண்ணே. சொந்த இதயம் அப்படியே இருக்கும். கால், மார்பிலிருந்து எடுத்த ரத்தக்குழாயால் அடைப்பைத் தாண்டி வழி போடுகிறார்கள். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துக்கு வேலையே இல்லை. ஆபத்து உண்டுதான்: பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, சில நாள் தாறுமாறான துடிப்பு, மார்பெலும்புப் புண்ணில் சீழ். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அந்தப் புண் ஆறுவது கஷ்டம். நம் வீடுகளில் தெரிந்த கதை. மாமா சிகரெட்டை இன்றே விடட்டும். அறுவைக்குப் பின் வலித்தாலும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றச் சொல்லுங்கள், நிமோனியா வராமலிருக்க அது உதவும்.