ஒன்பது மாதத்து ஊசிக்கு அப்புறம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆனைமலையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. அவள் பையனுக்கு ஆறரை வயது. வாசலில் சைக்கிள் ஓட்டி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சு வயசு ஊசி போட்டாச்சில்ல?" என்று கேட்டேன். நாத்தனார் அவள் அம்மாவைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்த்தார்.

"நீ அங்கயே போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"இங்க இருந்தப்ப நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்மா."

இரண்டாவது பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தாள். பையனுக்கு 5 வயது முடிந்தது அப்போதுதான். கைக்குழந்தையின் ஊசிகளுக்கு நாள் தவறாமல் போய் வந்தோம். பக்கத்திலேயே நின்றவனுக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புரியும். பெண் எடுப்பது பொள்ளாச்சியில், கொடுப்பது ஆனைமலையில். பிரசவம் ஒரு மாநிலம், வளர்ப்பு இன்னொரு மாநிலம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி சீர் வருகிறது, பலகாரம் வருகிறது, பிள்ளையின் தடுப்பூசி அட்டை மட்டும் ஏதோ ஒரு வீட்டு பீரோவில் தங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்து நர்ஸம்மா, இங்கே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறார். இந்தப் பக்கத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.

முதல் வருட ஊசிகளை நம் ஆட்கள் பெரும்பாலும் விடுவதில்லை. பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி. அப்புறம் 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டா, கூடவே போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு. 6, 14 வாரங்களில் நிமோனியா ஊசியும் உண்டு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை, ருபெல்லாவுக்கான எம்ஆர். பென்டா போட்ட இரவு காய்ச்சலும் அழுகையுமாக விடிய விடியத் தொட்டில் ஆட்டாத அம்மா யார்? அந்தக் கஷ்டம் நினைவில் இருப்பதால், 9 மாதத்து ஊசி முடிந்ததும் "அப்பாடா, எல்லாம் முடிஞ்சது" என்று அட்டையை உள்ளே வைத்துவிடுகிறோம்.

அங்கே முடிவதில்லை. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் எம்ஆர் இரண்டாவது தவணை, டிபிடி பூஸ்டர், போலியோ சொட்டு. 5 வயது முடிந்ததும் டிபிடி இரண்டாவது பூஸ்டர். 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு வரும் இந்த நான்கைத்தான் நாம் கைநழுவ விடுகிறோம்.

"குழந்தையில போட்டது போதாதா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி மூன்றுக்கும், பென்டாவிலும் சேர்ந்திருக்கிற டிபிடி தரும் எதிர்ப்புச் சக்தி வருடம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பூஸ்டர் அதை மறுபடி தூக்கி நிறுத்துகிறது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் நிற்கிற சங்கதி இல்லை.

தொண்டை அடைப்பான் என்றால் இப்போதைய அம்மாக்களுக்குப் பெயர்கூடத் தெரியாது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒரு படலம் கட்டி மூச்சை அடைக்கும். அந்தக் கிருமி விடும் நஞ்சு இதயம் வரைக்கும் போகும். ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் பேர்போன இதே கேரளாவில், பக்கத்து மாவட்டமான மலப்புறத்தில், 2016ல் அது மறுபடி வந்தது. இறந்தவர்களில் பதின்வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது என் மகள் சிறியவள். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் அவள் அட்டையை எடுத்து, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன்.

ரண ஜன்னி வேறு மாதிரி. தட்டம்மை போன்ற நோயில் ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தால் போடாத ஒன்றிரண்டு பிள்ளைகளும் ஓரளவு தப்பிக்கலாம், ஏனென்றால் அது ஆள்விட்டு ஆள் தொற்றுவது. ரண ஜன்னிக் கிருமி இருப்பது மண்ணில், சாணத்தில். ஊரே போட்டிருந்தாலும் நம் பிள்ளை காலில் முள் குத்தினால் காப்பாற்றுவது நம் பிள்ளைக்குப் போட்ட ஊசி மட்டும்தான். மாடும் தென்னந்தோப்புமாக இருக்கிற நம் ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

10 வயது ஊசியைப் பற்றி ஒன்று. முன்பு அந்த வயதில் போட்ட டிடி (TT) ரண ஜன்னிக்கு மட்டுமானது. இப்போது போடும் டிடியில் (Td) தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. பெயர் காதில் ஒன்றுபோலவே விழுவதால், "போன வருஷம் ஆணி குத்தினப்பவே டிடி போட்டாச்சு" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். எது போட்டது என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

என் மகளுக்கு அந்த ஊசி போடப்பட்டது எங்கள் ஊர் சப்சென்டர் சிஸ்டர் வழியில் நிறுத்தி, "மோளுக்குப் பத்து வயசாச்சல்லோ, குத்திவெப்பு எடுத்தோ?" என்று கேட்டதால்தான். புதன்கிழமை போனோம். ஐஸ் கட்டிகளுக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்தவர் ஊசியில் ஏற்றுவதற்கு முன் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். காட்டினார். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் குட்டிச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். எங்கேயோ புறப்பட்ட மருந்து இந்தப் பனங்காட்டு ஊர் வரைக்கும் குளிர் மாறாமல் வந்து சேர எத்தனை பேர் கண் விழித்திருக்க வேண்டும்! அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்கு ஒரு மரியாதை. எம்ஆர் போன்ற தூள் மருந்தைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குமேல் வைக்க முடியாது. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால்தான் ஒரு நாள் குறித்து எல்லோரையும் வரச் சொல்கிறார்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் நல்லது. 15 தாண்டினால் தவணை கூடும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு எதற்கு இந்த ஊசி என்று தயங்காதீர்கள். புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி அது, வேறொன்றும் இல்லை.

"நாங்கெல்லாம் ஊசி போட்டா வளந்தோம்?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியாரும் சொல்வார். அவருடைய தம்பி ஒவ்வொரு அடிக்கும் வலது கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பார். இளம்பிள்ளை வாதம். வேட்டியில் அந்த இடம் மட்டும் எப்போதும் கசங்கியே இருக்கும். 2011க்குப் பிறகு இந்தியாவில் எந்தக் குழந்தையையும் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமி தாக்கவில்லை. என் மகளின் வகுப்பில் அப்படி நடக்கிற பிள்ளை ஒருவர்கூட இல்லை. அன்றைக்கு மாமியாரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் தம்பியை நினைத்தாரோ என்னவோ, பதில் பேசவில்லை.

தவறவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் சிலதற்கு வயது வரம்பு உண்டு. அரசு அட்டவணைப்படி எம்ஆர் 5 வயது வரைக்கும், டிபிடி 7 வயது வரைக்கும். எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும் எந்த மாநிலத்திலும் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டங்களில் மட்டும்தான் போடுகிறார்கள், அதனால் இரண்டு ஊர் அட்டைகளில் அந்த ஒரு வரி மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.

திங்கட்கிழமை ராத்திரி நாத்தனார் அட்டையைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தாளாம். 16 மாதம் வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் தேதி இருக்கிறது, அதற்குக் கீழே வெள்ளை. பையனுக்கு 7 ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வரும் புதன்கிழமை அவனை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாள். அதே புதன்கிழமை இங்கே நானும் மகளோடு போகிறேன், அவளுக்கு 16 முடிந்துவிட்டது.