படிகம்தான் பிடிமானம்

படிகத்தன்மை (மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் அளவு) குறைந்தால், ரப்பர்போல நீளும் பிளாஸ்டிக்கான கோபாலியெஸ்டர் மென்மையாகும் என்று நான் படித்த கட்டுரை சொல்வது சரி. ஆனால் பொருளைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் படிகங்கள்தான் என்பதையும் எழுதியிருக்கலாம். இதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள பிபிடி (பாலிபியூட்டிலீன் டெரெப்தலேட் என்ற பாலியெஸ்டர்) கடினப் பகுதிகள் சின்னச் சின்னப் படிகங்களாகி, ரப்பரில் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் கந்தகப் பிணைப்பு செய்யும் வேலையைச் செய்கின்றன. இடையில் உள்ள மென்மையான பாலிஈதர் பகுதிகள் நீண்டு சுருங்குகின்றன. சூடேற்றினால் படிகம் உருகும், ஆறினால் மறுபடி உருவாகும். அதனால்தான் இதைத் திரும்ப வார்க்க முடிகிறது. தூய பிபிடி ஏறக்குறைய 223 டிகிரி செல்சியஸில் உருகும். மென்பகுதி கூடக்கூட உருகும் வெப்பநிலை இறங்கும்.

அப்புறம், ஒரே வார்ப்பில் தடித்த இடம் மெதுவாக ஆறும், படிகம் கூடும், அங்கே அதிகம் சுருங்கிக் குழி விழும். வார்ப்பதற்கான பிளாஸ்டிக் துகள்களை உலர்த்தாமல் போட்டால், உருகும்போது அதிலுள்ள ஈரத்தால் மூலக்கூறுச் சங்கிலியே அறுந்துவிடும். அந்தப் பலவீனத்துக்குப் படிகத்தைக் குறை சொல்லாதீர்கள்.