தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையை வீட்டு பிரிண்டரில் அச்சிடலாமா?

"மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, காலி இங்க் கார்ட்ரிட்ஜில் ஊற்றி அச்சிடுங்கள், உங்களுக்கேற்ற மருந்துப் பட்டை தயார்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இன்சுலினுக்குக்கூட இதுவே போதுமாம். தவறு.

இங்க்ஜெட் முறையில் மருந்தை அச்சிடும் ஆய்வுகள் நடப்பது உண்மைதான். ஒரு சொட்டு சில பிக்கோலிட்டர். அதாவது ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடியில் சில பங்கு. சொட்டுகளின் எண்ணிக்கையை மாற்றி ஆளுக்கேற்ற அளவை வைக்கலாம் என்பதுதான் இதிலுள்ள கவர்ச்சி. ஆனால் அதற்கான திரவத்தின் பாகுத்தன்மையும் பரப்பு இழுவிசையும் கச்சிதமாக அமைய வேண்டும். மாத்திரையிலோ மருந்தோடு கரையாத நிரப்புப் பொருள்களும் இருக்கும். மயிரிழையைவிட நுண்ணிய அச்சுத் துளை அவற்றால் அடைத்துக்கொள்ளும். பாதி துளை அடைத்தால் பட்டையில் எவ்வளவு மருந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

சரி, அச்சாகிவிட்டது என்றே வைப்போம். தோலின் மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான், ஆனால் கறாரான காவலாளி. பொதுவாக 500 டால்டனுக்குக் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) குறைந்த, ஓரளவு கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளையே உள்ளே விடும். நிகோடின் 162 டால்டன், போய்விடும். இன்சுலின் சுமார் 5,800. வெறும் பட்டையை ஒட்டினால் வெளியிலேயே நிற்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் அந்த மேலடுக்கைத் துளைக்கும் நுண்ணூசிகளின் மேல் அதை அச்சிட்டுப் பார்க்கிறார்கள்.

கூடவே பகிரப்படும் "2015-லேயே அமெரிக்கா அனுமதித்துவிட்டது" என்ற வரியும் குழப்பமே. அப்போது அனுமதி பெற்றது முப்பரிமாண அச்சில் உருவான வலிப்பு மாத்திரை.