ஏற்காட்டில் தண்ணீர் 95-ல்தான் கொதிக்கும், சார்

நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறதே ஒரு ரெக்கார்டு பக்கம், அதைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உமிழ்நீர் அமைலேஸ் சோதனை: எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சைச் செரிக்கச் செரிக்க, ஐயோடின் காட்டும் நீலம் மறையும். வெவ்வேறு வெப்பநிலையில் அது மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கிற சோதனை. மலை மேல் படிக்கிற ஒரு பிள்ளை "கொதிநீர்: 95 டிகிரி" என்று எழுதியிருக்கிறாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "100. திருத்தி எழுதவும்". அதோடு விட்டாரா திருத்திய ஆசிரியர்? "அறை வெப்பநிலை 19" என்பதை அடித்து 28 ஆக்கி, 13 நிமிடத்தை 8 நிமிடமாக்கி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

கோபத்தில் எழுத வேண்டாம் என்று பொறுத்துப் பார்த்தேன். "சின்ன விஷயம், விடுங்க சார்" என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலையும் இறங்கும். ஆக அங்கே தண்ணீர் 95-ஐ ஒட்டித்தான் கொதிக்கும். விடிய விடிய அடுப்பில் வைத்தாலும் 100 வராது. நம்பிக்கை இல்லையென்றால், குக்கர் இல்லாமல் அங்கே துவரம் பருப்பு வேகவைக்கிற எந்த அம்மாவையாவது கேளுங்கள். அந்தப் பிள்ளை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினாள், திருத்தியவர் கைடைப் பார்த்துத் திருத்தினார். 20 ஹேர்பின் வளைவு ஏறிப் போய், அடிவாரத்துக் கணக்கை ஒப்பித்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

டியூப்பில் என்ன தெரிந்ததோ அதைத்தான் ரெக்கார்டில் எழுத வேண்டும். இதற்கு மேல் இந்தப் பதிவில் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 13 நிமிடத்துக்கு வருவோம். அவள் அட்டவணைப்படி 37 டிகிரியில் நீலம் மறைய 4 நிமிடம், 19 டிகிரியில் 13. இந்த வெப்ப வரம்புக்குள் நொதியின் வேகம் 10 டிகிரிக்குச் சுமார் இரண்டு மடங்கு மாறும். 18 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். நாலை மூன்றரையால் பெருக்கினால் 14. அவளுக்கு வந்தது 13. இவ்வளவு ஒழுங்கான ரீடிங் கல்லூரி லேபில்கூடச் சுலபத்தில் வராது. அதைத்தான் அடித்திருக்கிறார்கள்.

கீழே சேலத்தில் சிக்கல் நேர் எதிர். பிராக்டிகல் நடக்கிற நாட்களில் மதியம் லேபுக்குள் 33, 34 இருக்கும். அறை வெப்பநிலை டியூபும் 37 டிகிரி டியூபும் முன்னே பின்னே சேர்ந்தேதான் நிறம் மாறும். ஆனால் ரெக்கார்டைத் திறந்தால் அறை வெப்பநிலை 28, நேரம் 8 நிமிடம். மலையிலும் 8, மாநகரிலும் 8. வகுப்பு முழுக்க 8. ஆளுக்கு ஆள் எச்சில் வேறு ஐயா! அமைலேஸ் மரபணுவின் பிரதிகளே ஒருவருக்கொருவர் எண்ணிக்கையில் மாறும். மாவுச்சத்து நிறையச் சாப்பிடும் சமூகங்களில் அது சராசரியாகக் கூடுதல் என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் ஒரே நேரம் வந்தால் அது ஒரே கைடு என்றுதான் பொருள்.

"பிள்ளைகள் தப்பும் தவறுமாகச் செய்துவிட்டு வந்ததை அப்படியே எழுதினால் என்ன சார் செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எழுதட்டும் என்கிறேன். எழுதினால்தானே எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியும்? முதல் சொட்டிலேயே நீலம் வரவில்லை என்று ஒருத்தி எழுதினால், எச்சிலை நீர்க்காமல் ஊற்றியிருக்கிறாள் என்று அர்த்தம். பத்து மடங்கு நீர்த்துப் பஞ்சில் வடிகட்ட வேண்டும், அப்படியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் இருபது மடங்கு. நேரம் தாறுமாறாக நீண்டால், ஸ்டார்ச்சையும் எச்சிலையும் தனித்தனியாக வாட்டர் பாத்தில் ஐந்து நிமிடமாவது வைத்துச் சூடேற்றாமல் கலந்திருக்கலாம். காய்ச்சி வடித்த நீரில் உப்பு சேர்க்க மறந்திருக்கலாம். அமைலேஸுக்குக் குளோரைடு வேண்டும், அதற்குத்தான் 1 சதவீத உப்புக் கரைசல் வைக்கிறோம். ஸ்டார்ச் பாட்டிலே நாள் கணக்கில் நீலம் மங்கிக்கொண்டு வருகிறதா? எச்சில் பட்ட பில்லரை (சொட்டு விடும் குழாயை) அதற்குள் விட்டிருக்கிறார்கள். ஒரு கிராம் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கிற நீரில் கிளறிக்கொண்டே ஊற்றி, ஆறிய பின் 100 மில்லி ஆக்கி, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். நேராகச் சுடுநீரில் கொட்டினால் கட்டி தட்டும். கட்டி விழுந்த சொட்டு பீங்கான் தட்டின் ஒரு குழியில் நீலமாகவும் அடுத்த குழியில் மஞ்சளாகவும் நிற்கும்.

யாரும் சொல்லித் தராத இரண்டு விஷயம் இருக்கிறது. ஸ்டார்ச்சும் ஐயோடினும் சேர்ந்த நீலம் சூட்டில் மறைந்துவிடும், ஆறினால் திரும்பி வரும். 70 டிகிரி டியூபிலிருந்து எடுத்த சூடான கரைசலில் ஐயோடின் விட்டால் நீலம் தெரியாது. பிள்ளை "ஸ்டார்ச் செரித்துவிட்டது" என்று எழுதுவாள். பீங்கான் தட்டில் சொட்டு ஆறிய பிறகு ஐயோடின் விடச் சொல்ல வேண்டும். இன்னொன்று, காரத்தன்மை மிகுந்த பஃபர் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) போட்ட டியூபில் ஐயோடின் தானாகவே நிறம் இழக்கும். எச்சிலே சேர்க்காமல் அதே பஃபரில் ஸ்டார்ச்சை மட்டும் வைத்து ஒரு டியூப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கைடு எழுதியவர் இதெல்லாம் செய்து பார்த்துத்தான் எழுதினாரா? எனக்குச் சந்தேகம்தான்.

அந்த 0 டிகிரி டியூப்? "நொதி அழிந்தது" என்று பாதி ரெக்கார்டில் இருக்கிறது. அழியவில்லை. ஐஸிலிருந்து எடுத்து 37-ல் வைத்தால் மறுபடி வேலை செய்யும். கொதித்த எச்சிலை ஆறவைத்து 37-ல் எவ்வளவு நேரம் வைத்தாலும் நீலம் நீலமாகவே இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கத்தான் சோதனையே. 20 நிமிடம் பார்த்தும் நிறம் மாறவில்லையா, "20 நிமிடத்துக்கு மேல்" என்று எழுது கண்ணு. அழகாக இருக்கிறதே என்று 25 போடாதே. வரைபடத்தில் நேரத்தை அப்படியே போடாமல், ஒன்றை நேரத்தால் வகுத்து வேகமாக்கிப் போடு.

"95 ஆனாலும் 100 ஆனாலும் நொதி செத்துத்தானே போகிறது, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். முடிவு மாறவில்லை என்றால் அடிப்பானேன்? அதைத்தானே நானும் கேட்கிறேன்!

"60 பிள்ளைக்கு ஒரே வாட்டர் பாத், ஒரே தெர்மாமீட்டர், உங்களுக்கென்ன, சுலபமாகப் பேசுவீர்கள்" என்பது அடுத்தது. உண்மைதான், கஷ்டம்தான். அந்த ஒரே தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குத்தான் சிவப்பு மை விழுந்தது.

இந்த ஊர் மாவுச்சத்து ஊர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜவ்வரிசிக்காக 1981-லேயே சேகோசர்வ் கூட்டுறவு வந்த ஊர், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் சேகோ ஃபேக்டரியிலிருந்து மரவள்ளி ஸ்டார்ச் கொண்டுவந்து சோதனை செய்தான். ஐயோடினுக்கு அட்டகாசமான நீலம் வந்தது. படிப்படியாக ஊதா, செம்பழுப்பு, கடைசியில் ஐயோடினின் மஞ்சள் மட்டும். நிறங்கள் மாறுகிற வரிசை கடையில் வாங்கும் பாட்டிலில் செய்தால் வருகிற அதே வரிசைதான். ஆனால் ரெக்கார்டில் "மரவள்ளி" என்று எழுத விடவில்லை. "கரையும் ஸ்டார்ச்" என்றே எழுதச் சொல்லிவிட்டார்கள். தன் ஊர்ப் பொருளை வைத்து ஒழுங்காக ஒரு சோதனை செய்தவனுக்கு, அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டும் என்று கற்றுக்கொடுத்த லேப் அது.

மார்க் போய்விடும் என்கிறவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. போகத்தான் செய்கிறது, போக்குகிறவர்கள் நாம்தான். பிள்ளைக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

"இவருக்கு வேலை இல்லை, கொதிநிலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்" என்று ஒரு குழுவில் எழுதியிருக்கிறார்கள். கூடவே சிரிப்பு பொம்மைகள் வேறு. எழுதியவர்களில் இரண்டு பேர் உயிரியல் பாடம் எடுக்கிறவர்கள். அது கொஞ்சம் வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. என்சைம் என்று பேச்செடுத்தால் முதல் வாக்கியமே வெப்பநிலை பற்றித்தான் சொல்வார்கள். வெப்பநிலையை அளந்து எழுதினால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் பிராக்டிகல் தேர்வாளராக, மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பையில் ஒரு தெர்மாமீட்டர் எடுத்துப் போங்கள். கொதிக்கிற பீக்கருக்குள் விட்டு, பாதரசம் நின்ற பிறகு, கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பல்பு பீக்கரின் அடியில் படக் கூடாது, பட்டால் கூடுதலாகக் காட்டும். 100-க்குப் பக்கத்தில் வரட்டும் என்று வேண்டுமென்றே அடியில் அழுத்திப் பிடித்துவிடாதீர்கள்.