எபோலா வந்தால் வௌவாலை மட்டும் தேடாதீர்கள்

எபோலா எங்கே தலைகாட்டினாலும் முதல் பழி வௌவால் மேல்தான். 2021 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவின் குவேக்கே பகுதியில் நோய் கிளம்பியபோதும் காட்டிலிருந்து வந்ததாகவே பலர் எண்ணினார்கள். வைரஸின் மரபணுத்தொடரைப் படித்ததும் அந்த எண்ணம் உடைந்தது.

எபோலாவின் மரபணுத்தொடர் ஏறத்தாழ 19,000 எழுத்துகள். தொற்றிக்கொண்டே போகும் வைரஸில் ஆண்டுக்கு இருபது எழுத்துகளுக்கு மேல் மாறும். 2014–16 பரவலில் 28,600-க்கும் அதிகமானோரைத் தாக்கிய அதே வைரஸ் இடைவிடாமல் பரவி வந்திருந்தால், 2021-க்குள் நூறு மாற்றங்களைத் தாண்டியிருக்கும். இருந்தவையோ பன்னிரண்டு, பதின்மூன்று. அந்தப் பரவலில் பிழைத்து வந்த ஒருவரின் உடலில் அது அதிகம் பெருகாமல் ஐந்தாண்டுக்கும் மேல் தங்கியிருந்ததென்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

இப்படியொரு முடிவு வந்தால் முதலில் ஆய்வகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, சிறு துண்டுகளாகப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் படிப்பது வழக்கம். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துணுக்கான பிரைமர் ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறியிருந்தால் அந்தத் துண்டு பெருகாது. ஒரு எழுத்து 20 முறையாவது படிக்கப்படாவிட்டால் அங்கே ‘தெரியவில்லை’ என்று குறிக்க வேண்டும். சில மென்பொருள் அமைப்புகள் அந்த இடைவெளியில் பழைய வைரஸின் எழுத்தையே நிரப்பிவிடும். அப்போது மாறிய வைரஸும் மாறாததுபோல் காட்டும்! வைரஸ் இல்லாத வெறும் நீரையும் கூடவே அதே சோதனையில் ஓட்டிப் பார்க்கவில்லையென்றால், முந்தைய மாதிரியின் துண்டுகள் கலந்ததும் தெரியாது. கினியா விஷயத்தில் தனித்தனிக் குழுக்கள் படித்தும் விடை ஒன்றாகவே வந்தது. அதனால்தான் அதை நம்புகிறேன்.

மாதிரி எடுத்த தேதியும் ஊரும் இல்லாத மரபணுத்தொடரால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பதையும் நான் ஏற்கவில்லை. 2015-லேயே கினியாவுக்குள் கையடக்கக் கருவியால் 24 மணி நேரத்துக்குள் படித்துக் காட்டினார்கள்.

பிழைத்தவர்களை ஊர் ஒதுக்கினால் அவர்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். விந்தகங்களிலும் கண்ணிலும் நோயெதிர்ப்பின் பிடி தளர்வு. விந்தில் 500 நாள் கடந்தும் வைரஸின் தடயம் கிடைத்திருக்கிறது. நோய் தொடங்கி மூன்று மாதம் முதல் மாதந்தோறும் விந்துப் பரிசோதனை, அடுத்தடுத்து இரண்டு முறை ‘இல்லை’ என்று வரும்வரை ஆணுறை. இதை இலவசமாக, பெயர் வெளியே வராமல், ஆண்டுக்கணக்கில் நடத்தப் பணம் ஒதுக்குங்கள்.