சிதறால் மலைக்கோயிலைப் போன வாரம் கண்டுபிடித்த தம்பிக்கு

எங்கள் குமரி மாவட்டத்துச் சிதறாலில் இருக்கும் பழைய சமண மலைக்கோயிலைப் பற்றி ஒரு தம்பி போன வாரம் போட்ட வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ‘யாருக்குமே தெரியாத மர்மக் குகை!’ பல்லைக் கடித்துக்கொண்டு நானும் முழுசாகப் பார்த்தேன். யாருக்குமே தெரியாத மலைக்கு உச்சிவரை கல் பாவிப் பாதை போட்டது யார் என்று ஏறும்போது கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

வந்தவர்களின் பெயர் அந்தப் பாறையிலேயே இருக்கிறது தம்பி. இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள் இங்கே பொன் அணி கொடுத்ததை வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. அவர் ஒரு சமணப் பெண் துறவி. வீரநந்தி அடிகள் என்பவர் வந்து ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார். அவர் ஊர் திருநறுங்கொண்டை, உளுந்தூர்பேட்டைப் பக்கம். அங்கிருந்து இங்கே, பஸ் இல்லாத காலத்தில்! சமணர் இடமாக இருந்த இது 13-ஆம் நூற்றாண்டில் பகவதி கோயில் ஆனது. திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் கோபிநாத ராவ் நூறு வருடத்துக்கு முன்னாலேயே கல்வெட்டுகளைப் படித்து அச்சிலும் ஏற்றிவிட்டார். இவர்களெல்லாம் அந்த ‘யாருக்குமே’யில் சேர மாட்டார்களோ?

சரி, அதைக்கூட விட்டுவிடுவேன். “உள்ளூர்க்காரங்களுக்கே இதோட அருமை தெரியல” என்றாயே, அதுதான் குத்துகிறது. எங்கள் பாட்டா பகவதியைக் கும்பிடத்தான் மலையேறுவார். பாறையில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர்களை, அதாவது சமணர் வணங்கும் பெரியவர்களின் சிலைகளைத் தாண்டும்போதும் அவர் கை தானாகக் கூப்பும். கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) பொறுக்கும் ஆசையில் கூடப்போகும் என்னிடம், “பெரியவங்க இருக்காவ, கும்பிட்டுட்டுப் போ மக்ளே” என்பார். அவர் கல்வெட்டுப் படித்தவர் இல்லை. அருமை தெரியாதவரா?

‘அந்தப் பையனால்தானே நாலு பேர் வருகிறார்கள்’ என்பீர்கள். வருகிறார்கள். தண்ணீர்ப் பாட்டிலையும் சிப்ஸ் கவரையும் சுனையோரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். ‘அந்தக் காலத்திலும் பாறையில் பெயர் எழுதினார்கள்தானே’ என்று ஒரு அறிவாளி நிச்சயம் கமெண்டில் வருவார். ஐயா, அவர்கள் சிலை செய்வித்து அதன் கீழே பெயர் போட்டார்கள். நீங்கள் சாவியால் காதலியின் இனிஷியலைக் கீறுகிறீர்கள். ‘சமணர் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பேசலாமா’ என்றும் கேட்பார்கள். பகவதி வந்தபிறகும் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் அங்கேயேதான் இருக்கிறார், அவ்வளவுதான் என் பதில். வேண்டுமானால் தனிப்பதிவில் சண்டை போடலாம்.

எனக்கு வருத்தம் அந்தத் தம்பிமேல் மட்டும் இல்லை. குமரி மாவட்டம் என்றால் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, ஒரு செல்ஃபி, ராத்திரி ரயில். மேற்கே விளவங்கோடு என்று ஒரு தாலுகா இருப்பதே பலருக்குத் தெரியாது. யாராவது வழி தவறி வந்தால் உடனே கண்டுபிடிப்பு, மர்மம். நாங்கள் என்ன காட்டுக்குள்ளேயா இருக்கிறோம்? மார்த்தாண்டம் பாலத்து டிராஃபிக்கில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

அடுத்த வீடியோ திற்பரப்பாம். அதையும் யாருக்கும் தெரியாத அருவி என்று சொல்லித் தொலைக்காதே தம்பி. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முறைக்காக நிற்கிற கூட்டம் சும்மா விடாது.