கத்தியைப் பிடிப்பது கையா கம்பியா என்று தக்காளிக்குத் தெரியாது

சனிக்கிழமை மொட்டைமாடியில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "சும்மா தமாஷுக்குச் சொன்னார், விடுங்க" என்று சமாதானமும் சொல்லியாயிற்று. சரி, தமாஷ்தான். அத்தனை பேர் முன்னால் ஒருவர் என் கத்தி தீட்டும் சாமான் டப்பாவைத் திறந்து, தீட்டும்போது கோணம் மாறாமல் கல்லைப் பிடிக்கிற கம்பியைத் தூக்கிக் காட்டி, "குழந்தை சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டுவாங்கல்ல, அதுதான் இது, கை வராதவங்களுக்கு" என்றது தமாஷ். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

ஆமாம் ஐயா, எனக்குக் கை வராது. கல்லில் வெறுங்கையால் தீட்டும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கல்லுக்கும் கத்திக்கும் நடுவில் கோணம் ஒரு தடவை 15 டிகிரி, அடுத்த தடவை 22, குக்கர் விசில் அடித்துத் திரும்பிப் பார்த்தால் 27. விளிம்பு கூராவதற்குப் பதில் உருண்டு போகும். கத்தி கூராக வேண்டுமென்றால் கோணம் மாறாமல் நிற்க வேண்டும். அதைக் கை பிடித்தால் என்ன, கம்பி பிடித்தால் என்ன? வருஷக்கணக்கில் கல்லில் பழகியவர்களுக்குக் கையே கம்பி மாதிரி நிற்கும், அவர்களுக்கு என் கும்பிடு. நான் சமையல் செய்கிறவள். கத்தி தீட்டுவது எனக்குத் தவம் இல்லை, பாத்திரம் கழுவுவது போல ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. இந்த மாதிரிக் கம்பி வைத்த கைடட் சிஸ்டம் வாங்கிவிட்டால் கத்தி தானாகக் கூராகிவிடாது. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விளிம்புக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக விரலை மெதுவாக இழுத்தால் மாட்டும். அடியிலிருந்து முனைவரை அந்தப் பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிறு வருவதற்கு முன்னாலேயே 3000 நம்பர் நைசான கல்லுக்குத் தாவுகிறவர்கள்தான் பிறகு "இது வேஸ்ட்டுங்க" என்று எழுதுகிறவர்கள். கோணம் சரியாக விழுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் விளிம்பை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு ரெண்டு இழுப்பு இழுங்கள். மேல்பக்கம் மட்டும் மை அழிந்தால் கோணம் குறைவு, விளிம்பில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். இதற்கு எந்தக் குருவும் வேண்டாம்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தியைக் கிளாம்பில் இறுக்கி, துளை வழியாகக் கம்பியை விட்டுத் தேய்க்கிற லான்ஸ்கி வகையில் 17, 20, 25, 30 என்று நாலு கோணம். சின்னக் கத்திக்கு அருமை. ஆனால் எட்டு அங்குலக் கத்தியை நடுவில் மாட்டினால், கிளாம்பை விட்டு முனை தள்ளிப் போகப் போக அங்கே கோணம் குறைந்துவிடும், கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும். ஒர்க் ஷார்ப்பின் பிரிசிஷன் அட்ஜஸ்ட்டில் 15-இலிருந்து 30 வரை ஒவ்வொரு டிகிரியாக மாற்றலாம், நீளக் கத்தியில் இதற்கும் அதே தொல்லைதான். நான் வைத்திருப்பது எட்ஜ் புரோ என்ற பிராண்டைப் பார்த்துச் செய்த சீன நகல். சின்ன மேசை மேல் கத்தியைப் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே தீட்ட வேண்டும். அதனால் கத்தி எவ்வளவு நீளம் என்பது பிரச்சினையே இல்லை. நகல்தான், பெருமை இல்லை. கூட வந்த கற்கள் சுமார், திருகு அடிக்கடி தளரும். ஆனால் கல்லின் அளவு ஆறுக்கு ஒரு அங்குலம் என்பதால் பிறகு நல்ல டயமண்ட் பட்டை தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கத்தியில் கீறல் விழாமல் இருக்கப் பக்கவாட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

காந்தக் கட்டையில் கத்தியை ஒட்டவைத்து உருளையை உருட்டுகிற ஹோர்ல் வகை பார்க்க அழகு, விலையைப் பார்த்தால் தலை சுற்றும். பிளவுக்குள் கத்தியை விட்டுச் சரக் சரக்கென்று இழுக்கிற மலிவுச் சாமானை மட்டும் வாங்காதீர்கள். அது தீட்டுவதில்லை, இரும்பைச் சுரண்டி எடுக்கிறது. ரெண்டு நாள் கூராக இருந்த மாதிரி இருக்கும், அப்புறம் விளிம்பைப் பார்த்தால் எலி கடித்தது போல.

15 டிகிரி வைத்தால்தான் கத்தி என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. ஜப்பான் கத்தி கடினமான எஃகு, தாங்கும். நம் வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் பிடி போட்ட மென்மையான ஸ்டீல். அதை வைத்துக்கொண்டு முருங்கைக்காய் நறுக்குகிறோம், சேனைக்கிழங்கு வெட்டுகிறோம், அவசரத்துக்குத் தேங்காயைக்கூடக் கீறுகிறோம். அதற்கு 20 டிகிரி போதும். கிரானைட் மேடை மேலேயே வைத்து நறுக்குகிறவர்களுக்கு எந்த டிகிரியும் உதவாது.

இனி எனக்கு என்ன பதில் வரும் என்று தெரியும். "வாசலுக்கு வருகிற சாணைக்காரர் வயிற்றில் அடிக்கிறாயே." எங்கள் தெருவுக்கு அவர் வந்து ரொம்ப நாளாகிறது, அதற்கு நான் காரணம் இல்லை. வந்தால் அரிவாள்மனையை அவரிடம்தான் கொடுப்பேன், ஏனென்றால் அந்த வளைவை எந்தக் கிளாம்பும் பிடிக்காது. ஆனால் மெல்லிசுக் கத்தியை வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் பொறி பறக்கக் காட்டினால் விளிம்பு சூடாகும். நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். இது அவரைக் குறை சொல்வது இல்லை, இரும்பின் குணம். "இவ்வளவு காசு கொடுத்து இதெல்லாம் தேவையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே எனக்கு விருப்பமில்லை.

இன்னொருவர் அன்றைக்கே சொன்னார், "லேடீஸ் கையில ரொம்பக் கூரான கத்தி ஆபத்துங்க, கொஞ்சம் மழுங்கலா இருக்கறதுதான் சேஃப்டி." இதற்கு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் இதை நிஜமாகவே நம்புகிறார்கள். மழுங்கிய கத்தி தக்காளித் தோலில் வழுக்கும், நாம் அழுத்துவோம், அழுத்தினது விரலில் இறங்கும். வீட்டில் காயம் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், கத்தி கூராக இருந்ததா என்று.

எங்கம்மா கத்தியைத் துவைக்கிற கல்லில் தேய்ப்பார். இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடி விளிம்பில். அந்தக் கத்தி அடிவயிறு தேய்ந்து உள்வாங்கிப் போயிருந்தது, பலகையில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். அதனால் வெண்டைக்காய் முழுசாக அறுபடாது, மாலை மாதிரி தொங்கும். அதற்கும் அம்மாதான் பேச்சு வாங்குவார், "ஒழுங்கா நறுக்கத் தெரியாதா?" என்று. அதே வீட்டில் அப்பாவின் ஷேவிங் பிளேடு ஒரு தடவை இழுத்துப் பிடித்தாலே மாறிவிடும். அவர் முகத்துக்கு மழுங்கல் சேஃப்டி என்று யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் வலது மணிக்கட்டில் வலி. கத்தியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஆம்பிளைகள் கல், எஃகு, டிகிரி என்று பேசினால் அது ஹாபி. நான் சமைக்கிற கத்திக்கு நானே ஒரு கம்பி வாங்கினால் குழந்தை சைக்கிள். நீங்கள் ஜப்பான் கல்லை வாங்கி அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கல்லில் தீட்டின கத்தியால் உங்கள் வீட்டில் யார் வெங்காயம் நறுக்குகிறார்கள், அவர்களிடம் கத்தி எப்படி இருக்கிறது என்று எப்போதாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், திங்கட்கிழமை காலையிலேயே நீங்கள் ஆபீஸ் போன பிறகு எந்தக் கத்தி செய்தித்தாளில் சுற்றி என் வீட்டுக்கு வந்தது என்று. பேர் சொல்ல மாட்டேன். தீட்டிக் கொடுத்தாயிற்று, 20 டிகிரி.

இன்பாக்ஸில் லிங்க் கேட்கிறவர்களுக்கு: கத்தி எவ்வளவு நீளம், எதை அதிகம் நறுக்குவீர்கள், எந்தப் பலகையில் என்று எழுதுங்கள், சொல்கிறேன். "எது பெஸ்ட்" என்று மட்டும் கேட்டால் பதில் வராது. "கையாலேயே பழகிக்கலாமே" என்று வருகிறவர்கள் முதலில் உங்கள் வீட்டுக் கத்தியால் ஒரு பழுத்த தக்காளியை அழுத்தாமல் நறுக்கி வீடியோ எடுத்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.